நுரைச்சோலை வீடுகளும் கல்லோயா வாய்க்காலும்

அன்புள்ள அண்ணா,

அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எயிட்டை மூடியதிலிருந்து எங்கள் ஊரில் ஒரே பேச்சு. சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பு, அம்பாறைக் கரைக்கு வராத என்ஜிஓ இல்லை. வந்த காசெல்லாம் எங்கே போனது? உதவி நின்றால்தான் நாடு உருப்படும் என்று எனக்கும் படுகிறது. இதற்கிடையில் ஒரு தொண்டு நிறுவனம் என்னைக் கள உத்தியோகத்தராகக் கூப்பிட்டிருக்கிறது. போகலாமா?

ஒரு வாசகர், களுவாஞ்சிகுடி

அன்புள்ள தம்பி,

உங்கள் கோபம் நியாயமானது. 2004 டிசம்பர் 26இல் இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். அதற்குப் பிறகு வந்த உதவியில் சிறு படகுகள் தேவைக்கு மேல் குவிந்தன. கடலுக்கு உதவாதவையும் அவற்றில் இருந்தன. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் பணத்தில் 500 வீடுகள் எழுந்தன. எந்தச் சமூகத்துக்கு எத்தனை என்ற இழுபறி உச்ச நீதிமன்றம்வரை போய், வீடுகள் ஆண்டுக்கணக்காக ஆளில்லாமல் கிடந்தன. பங்கீட்டைப் பேசி முடிக்காமல் சுவரை எழுப்பியதற்கு வீடிழந்த குடும்பங்கள் கொடுத்த விலை அது. என்னால் இதை இன்னும் மன்னிக்க முடியவில்லை.

ஆனாலும் உதவியே வீண் என்று நீங்கள் சொல்வதை ஏற்கமாட்டேன். மறுப்புக்கு அதே அம்பாறையிலிருந்தே உதாரணம் தருகிறேன், அதுவும் யுஎஸ்எயிட் பணத்தில் நடந்தது.

கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் என்றதும் நம்மவர்களுக்குச் சிங்களக் குடியேற்றமும் 1956இல் தமிழர்களுக்கு எதிராக நடந்த வன்முறையும்தான் நினைவுக்கு வரும். அந்தக் காயத்தை நான் மறக்கவில்லை. 1970களின் இறுதியில் அதன் இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்து கிடந்தன. வாய்க்காலின் மேற்பகுதியில் சிங்கள விவசாயிகள்; கடைசி வயல்களில் தமிழர்கள். அங்கே தண்ணீர் போய்ச் சேருவதே அரிது. வாய்க்காலைத் திருத்த வந்த திட்டம், கூடவே இன்னொன்றையும் செய்தது. இலங்கையின் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிலையமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1981இல் படித்த இளைஞர்களை வயல்களுக்கு அனுப்பின. அவர்கள் விவசாயிகளோடு பேசிப் பழகி, ஒரே வாய்க்காலில் நீர் எடுப்பவர்களைச் சிறு குழுக்களாகக் கூட்டினார்கள். அந்த ஆண்டு, வாய்க்கால்களுக்கு நீர் தரும் இங்கினியாகலை நீர்த்தேக்கத்தில் கால்வாசித் தண்ணீர்தான். சில வாரங்களுக்குள் விவசாயிகள் தாங்களே வாய்க்காலைத் துப்புரவாக்கினார்கள், முறை வைத்துப் பாய்ச்சினார்கள், மிச்சத்தைக் கீழே விட்டார்கள்.

திட்டம் 1985இல் முடிந்தது. 1997 சிறுபோகத்தில் நெல்லுக்குத் தண்ணீர் போதாது என்று நீர்ப்பாசனத் திணைக்களம் சொன்னபோது, விவசாயிகள் இருந்ததைப் பங்கிட்டு ஏறத்தாழ 65,000 ஏக்கரில் வழக்கத்தைவிட நல்ல விளைச்சல் எடுத்தார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம், தம்பி. மேலேயிருந்த சிங்கள விவசாயி கீழேயிருந்த தமிழ் விவசாயிக்குத் தண்ணீர் விட்டார்.

நுரைச்சோலையில் வீடு எழுந்தது, முடிவெடுக்கும் உரிமை குடியிருக்க வேண்டியவரிடம் போகவில்லை. கல்லோயாவில் அந்த உரிமை வயற்காரனிடம் வந்தது. கொடுத்தவர் போன பிறகும் அவனிடமே இருந்தது. சுனாமி உதவியைப் பல நிறுவனங்கள் சேர்ந்து மதிப்பிட்டு 2006இல் வெளியிட்ட அறிக்கையும் இதைத்தான் கேட்டது: பாதிக்கப்பட்ட மக்களே பொறுப்பெடுக்க வழிவிடுங்கள், அவர்களுக்குக் கணக்குச் சொல்லுங்கள்.

உதவி நின்றால் உருப்படுவோம் என்கிறீர்கள். மலேரியாவைப் பாருங்கள். வெளிநாட்டு உதவியோடு மருந்து தெளித்து, 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளிகள் என்ற நிலைக்கு வந்தோம். வெற்றி கிடைத்துவிட்டதென்று தெளிப்பைக் குறைத்தார்கள். 1968-69இல் 5 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் காய்ச்சல். அதன்பின் உலக சுகாதார நிறுவனம் நம்மை மலேரியா அற்ற நாடென்று அறிவிக்க 2016 ஆனது. அதில் எயிட்ஸ், காசநோய், மலேரியாவை எதிர்க்கும் உலகளாவிய நிதியத்தின் பணமும் இருந்தது, யுத்த காலத்திலும் வேலையை விடாத நம் அரசின் மலேரியா தடை இயக்க ஊழியர்களின் உழைப்பும் இருந்தது. பாதியில் கைவிடுவதற்கும் பொறுப்பை முறையாக ஒப்படைத்துவிட்டுப் போவதற்கும் உள்ள வித்தியாசம் உயிர்க் கணக்கு.

வேலைக்குப் போங்கள். சேர்ந்த முதல் மாதத்திலேயே திட்டத்தின் வரவுசெலவை மேலதிகாரியிடம் கேட்டு வாங்கி, தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, அந்தக் கிராமத்தின் மீனவர் சங்கத்திலும் மாதர் சங்கத்திலும் வாசித்துக் காட்ட அனுமதி கேளுங்கள். என்ன பதில் வருகிறது என்று எனக்கு எழுதுங்கள்.