ஆர்டர் ஆஃப் மெரிட் பதக்கம்: வாள் வரையலாமா?

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்துக்காக டாக்டர் ராதாகிருஷ்ணன், வெங்கி ராமகிருஷ்ணன் படங்களை வரைகிறோம். இருவரும் பெற்ற பிரிட்டனின் ஆர்டர் ஆஃப் மெரிட் பதக்கத்தையும் சேர்க்க ஆசை. இணையத்தில் சில படங்களில் வாள்கள் இருக்கின்றன, சிலவற்றில் இல்லை. எது சரி? 'சர்' பட்டம் இதனால்தான் வந்ததா?

பதில்: வாள் வரையாதீர்கள். குறுக்கே வைத்த இரு வாள்கள் படைத்துறைப் பிரிவின் அடையாளம். ஏழாம் எட்வர்ட் 1902 ஜூனில் இந்த விருதை நிறுவியபோது முதலில் பெற்ற 12 பேரில் ராபர்ட்ஸ், கிச்சனர் போன்ற தளபதிகளும் இருந்தார்கள். கெல்வின், லிஸ்டர் போன்ற அறிவியலாளர்களும் இருந்தார்கள். ஒரே பதக்கத்தில் இருவகையினரையும் பிரித்துக்காட்ட வாள்கள் வந்தன. படைத்துறைப் பிரிவில் கடைசியாகப் பெற்றவர் மவுண்ட்பேட்டன், 1965இல். நீங்கள் வரையும் இருவருக்கும் வாளில்லாத வடிவம்தான்.

மேலிருந்து கீழாக வரைந்தால் குழப்பம் வராது. முதலில் தங்க மணிமுடி. அதில் தொங்குவது எட்டு முனைச் சிலுவை. எனாமலில் மேலோங்கும் நிறம் சிவப்பு. நடுவில் நீல எனாமல் வட்டம், அதில் 'ஃபார் மெரிட்' என்று தங்க எழுத்து, சுற்றிலும் லாரல் இலை வளையம். பின்பக்கத்தில் அரசரின் பெயரெழுத்து முத்திரை இருக்கும். ஓவியத்தில் அது தெரியப்போவதில்லை.

மணிமுடியில்தான் பலரும் சறுக்குவார்கள். 1952 வரையிலான பதக்கங்களில் வளைவுகள் உயர்ந்து உருண்டிருக்கும். எலிசபெத் காலத்து முடியில் நடுவில் சற்றே தாழ்ந்திருக்கும். ராதாகிருஷ்ணன் பெற்றது 1963இல், ஆகவே அவருக்குத் தாழ்ந்த வளைவு.

ரிப்பன் 50 மி.மீ. அகலம், பாதி நீலம், பாதி கருஞ்சிவப்பு, நடுவில் வேறு கோடு கிடையாது. ஆண்கள் கழுத்தில் அணிவார்கள், பெண்களுக்கு இடது தோளில் வில் முடிச்சு. மார்பில் குத்திய பதக்கமாக வரைந்தால் தவறு. இணையப் படங்களில் இடம் வலம் மாறியவையும் உண்டு. கோட்டுப் பொத்தான் எந்தப் பக்கம் என்று பார்த்து உறுதிசெய்துகொண்டு நிறத்தை வையுங்கள்.

பெயர் ஒத்துப்போவதால் வேறு இரண்டு பதக்கங்களும் தேடலில் வந்து விழும். இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட் என்பது 1837இல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியச் சிப்பாய்களின் வீரத்துக்காகத் தொடங்கியது. நட்சத்திர வடிவம், கருநீல ரிப்பனில் சிவப்பு ஓரம். பழைய ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் புர் ல மெரித் விருது நீலச் சிலுவை, சிலுவைக் கைகளுக்கிடையே கழுகுகள். பிரிட்டன் பதக்கத்துக்கு முன்னோடி அதுதான், ஆனாலும் உங்கள் படத்துக்கு உதவாது.

'சர்' பட்டத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இந்த விருது எந்தப் பட்டத்தையும் தராது, பெயருக்குப் பின் ஓ.எம். என்று போட்டுக்கொள்ளலாம், அவ்வளவே. பிரதமரின் பரிந்துரையும் தேவையில்லை. அரசரே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார். ஒரே காலத்தில் 24 பேருக்கு மேல் உறுப்பினராக இருக்க முடியாது. ராதாகிருஷ்ணன் 1931இல் 'சர்' ஆனார், விடுதலைக்குப் பின் அதைப் பயன்படுத்தவில்லை. 1963இல் பெற்றது அந்த 24இல் சேராத கௌரவ உறுப்பினர் இடம். சிதம்பரத்தில் பிறந்த வெங்கிக்கு 'சர்' 2012இல், ஆர்டர் ஆஃப் மெரிட் 2022இல். அவர் 24 பேருக்குள் ஒருவராகவே சேர்க்கப்பட்டார்.

ராதாகிருஷ்ணனைத் தலைப்பாகையும் மூடிய கழுத்துக் கோட்டுமாக வரைவதாக இருந்தால், பதக்கத்தை உடையில் தொங்கவிடுவதைவிட, ரிப்பனோடு படத்தின் கீழ்மூலையில் தனியாக வரைவதே நல்லது. எழுத்துகள் தெளிவாகத் தெரியும் அளவுக்குப் பெரிதாகவும் வரையலாம்.