சுவரின் கீழ்ப்பாதி

அன்புள்ள ஐயா,

கூலி வேலைக்குப் போகும் நான், எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர். திரையில் பாடம் காட்டும் திறன்மிகு வகுப்பறை வந்துவிட்டது. சுவரின் அடியில் இருந்த பழைய கரும்பலகைகளை அழித்துக் கார்ட்டூன் வரைந்திருக்கிறோம். அப்படியும் பிள்ளைகள் வேன் ஏறித் தனியார் பள்ளிக்கே போகிறார்கள். வேறென்ன மாற்றலாம்?

மு., திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள மு. அவர்களுக்கு,

வேன், டை, ஆங்கிலவழி பற்றியெல்லாம் எழுதிச் சலித்துவிட்டது. பழைய கரும்பலகைகளை அழித்தோம் என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, அவை என்னவென்று தெரிந்துதான் அழித்தீர்களா?

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில், அதாவது பிள்ளைகள் பாட அட்டைகளை எடுத்துத் தாமே செய்து படிக்கும் முறையில், தரையில் உட்கார்ந்த பிள்ளைக்குக் கை எட்டும் உயரத்தில் சுவரோரமாகக் கரும்பலகை அமைத்து, அவரவர்க்கு ஓர் இடம் ஒதுக்கினார்கள். பிள்ளையின் உயரத்தை அளவாக வைத்து அரசுப் பள்ளியில் செய்யப்பட்ட காரியமாக அதைப்போல் இன்னொன்றை நான் பார்த்ததில்லை. அந்நாளில் என் அக்கா வேலைபார்த்த பள்ளியில் ஒரு சிறுமி, பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படி அட்டவணையில் தன் படியைப் பார்த்து, தட்டிலிருந்து அதற்கான பாட அட்டையை எடுத்துவந்து, தன் இடத்தில் 'ழ' எழுதி, பாவாடை நுனியால் துடைத்து, மறுபடி எழுதினாள். சுழி தப்பு என்று காட்டியவன் பக்கத்துப் பையன். அக்கா பாயில் வேறு நால்வரோடு இருந்தாள்.

அம்முறையில் குறைகள் இருந்தன. அட்டைகள் கிழிந்தன, பல வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு ஆசிரியர்கள் திணறினார்கள். 2022இல் தொடக்க வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' என்ற புதிய திட்டம் வந்தது, நல்லது. ஆனால் சுவர் என்ன பாவம் செய்தது? திரைக்கு முன்னால் முப்பது பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்து பார்க்கலாம். முப்பது பேரும் எழுதிப் பார்ப்பதற்கு அந்தக் கீழ்ப்பாதிதான் வேண்டும்.

ஒருநாள் கூலியை விட்டுக் கூட்டத்துக்குப் போகும் உங்களைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கல்வி உரிமைச் சட்டம் அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு இடத்தைப் பெற்றோருக்கு ஒதுக்கி, பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுக்கும் பொறுப்பையும் குழுவிடம் கொடுத்திருப்பது, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் குடித்து வருவதற்கா? அடுத்த கூட்டத்தில் ஓர் அறையிலாவது கீழ்ப்பாதியை மறுபடி கரும்பலகையாக்கக் கேளுங்கள். நிதி இல்லை என்று பதில் வந்தால், கார்ட்டூனுக்கு எந்தத் தலைப்பில் செலவு எழுதினார்கள் என்று தீர்மான நோட்டைப் புரட்டிப் பாருங்கள்.