ஜிம், பாம் காதல் ஏன் சலிப்பதில்லை?

அமெரிக்கத் தொடரான 'தி ஆஃபீஸ்'-இல் ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் ஜிம்மும் பாமும் சேர மூன்று பருவங்கள் ஆகியும் ஏன் சலிக்கவில்லை என்பது கேள்வி. தடை செயற்கையானதல்ல என்பதே முதல் காரணம். பாமுக்கு ராயுடன் நிச்சயமாகியிருக்கிறது. அதனால் வாய்விட்டுச் சொல்ல முடியாத அன்பு பொருள்களில் போய்த் தங்குகிறது.

2005 கிறிஸ்துமஸ் அத்தியாயத்தைப் பாருங்கள். பாமுக்காக ஜிம் வாங்கிய தேநீர்க் கெண்டிக்குள் இருவருக்கு மட்டுமே புரியும் சின்னஞ்சிறு பொருள்கள். கூடவே ஒரு கடிதம். பரிசுகளை மாற்றிக்கொள்ளும் விளையாட்டில் கெண்டி வேறு கைக்குப் போய்விடுகிறது. பாம் தனக்குக் கிடைத்த ஐபாடையே விட்டுக்கொடுத்து அதைப் பெறுகிறாள். அவள் மகிழ்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜிம் கடிதத்தை மட்டும் ஓசைப்படாமல் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொள்கிறான். அது அவளிடம் சேர்வது 2013-இல், கடைசிப் பருவத்தில்! அதில் என்ன எழுதியிருந்தது என்று நமக்குச் சொல்லப்படுவதே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது.

ஒரு படக்குழு அலுவலக ஊழியர்களை ஆவணப்படமாக எடுப்பதுபோல் அமைந்த தொடர் இது. அந்தக் கேமராவும் உதவுகிறது. மறைக்க நினைக்கும் பார்வையை அது பிடித்துவிடுகிறது. 2007-இல் பாம் பேட்டி கொடுக்கும்போது ஜிம் கதவைத் திறந்து, இரவு உணவுக்கு அழைத்துவிட்டுப் போகிறான். கண்கள் நிறைய, கேள்வி என்னவென்றே மறந்துபோய் அவள் கேமராவிடம் திரும்பக் கேட்கிறாள்.