கெமிக்கல் படிக்கும் மகள் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போகலாமா?

அம்மா, "கிணற்றுக்குள்ள ஆசிட் விடுற வேலை" என்று மகள் சொன்னதும் நீங்கள் பதறியது புரிகிறது. கெமிக்கலை விட்டுவிட்டு பெட்ரோலியம் பிரிவுக்கு மாற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மாற்றவே வேண்டாம். அவள் ஆசைப்படும் வேலைக்கு அடிப்படையே அவள் இப்போது படிக்கும் பாடம்தான்.

1976 முதல் எண்ணெய் தரும், மும்பைக்கு அப்பால் கடலில் இருக்கும் மும்பை ஹை எண்ணெய் வயலை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எண்ணெய் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையில்தான் இருக்கிறது. துளையிடும்போது சேறும் துகளும் பாறையின் நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். அதைத் திறக்க, வழக்கமாக 15 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை பம்ப் செய்வார்கள். ஒரு லிட்டர் சுமார் 220 கிராம் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துவிடும். ரொம்ப மெதுவாகச் செலுத்தினால், கிணற்றை ஒட்டிய பாறையை மட்டும் அரித்துவிட்டு அமிலம் தீர்ந்துபோகும். சரியான வேகத்தில் போனால் வேர் மாதிரி கிளைவிட்டு உள்ளே வழி போடும். எண்ணெய் அந்த வழியாக வரும். அந்த வேகத்தைக் கணக்கிட ரியாக்‌ஷன் இன்ஜினியரிங்கும் (வேதிவினை எவ்வளவு வேகமாக நடக்கும் என்ற கணக்கு) மாஸ் டிரான்ஸ்ஃபரும் (பொருள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எப்படிப் பரவும் என்ற கணக்கு) தெரிய வேண்டும். அவளுடைய செமஸ்டர் பாடங்களைப் பாருங்கள், இரண்டும் இருக்கும்.

அமிலம் இரும்புக் குழாயையும் தின்னும். அமெரிக்காவில் ஹெர்மன் ஃப்ராஷ் 1896-லேயே இந்த முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் 1932-ல் மிச்சிகனில் அரிப்புத் தடுப்பானோடு (குழாயை அமிலம் தின்னாமல் காக்கும் ரசாயனம்) அமிலம் செலுத்திய பிறகுதான் இது பரவலானது. அதனால் கரோஷன் (உலோக அரிப்பு) பற்றிய விருப்பப் பாடம் இருந்தால் கண்டிப்பாக எடுக்கச் சொல்லுங்கள்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். சில கிணறுகளில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும், அது உயிரைக் குடிக்கக்கூடியது. பாதுகாப்புப் பயிற்சியில் அலட்சியம் காட்டும் நிறுவனம் எவ்வளவு சம்பளம் தந்தாலும் வேண்டாம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு: எண்ணெய் விலை விழுந்தால், இந்த மாதிரி கிணற்று வேலைகளை ஒப்பந்தத்தில் செய்துதரும் சர்வீஸ் கம்பெனிகள் முதலில் ஆட்களைத்தான் குறைக்கும். 2020-ல் உலகம் முழுக்க அதுதான் நடந்தது.

ஆகவே கேட் (GATE) எனும் இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வை கெமிக்கல் தாளிலேயே எழுதட்டும். எம்.டெக் கதவும் திறந்திருக்கும். அரசு எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசி உற்பத்திப் பிரிவுக்கு கெமிக்கல், மெக்கானிக்கல் படித்தவர்களையும் எடுத்திருக்கிறது; தேர்வு முறை மாறக்கூடும், அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் படியுங்கள். அப்புறம், கடலில் வாரக்கணக்கில் தங்கும் ஷிஃப்ட் பற்றி, அந்த வேலையில் இருக்கும் ஒரு பெண் இன்ஜினியரிடம் அவளையே பேச வையுங்கள். கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கத்தில் கேட்டால் யாராவது கிடைப்பார்கள்.