வாசகர் கேள்வி–பதில்: நான்கு முறை தொடர்ந்து வென்ற ஹூஸ்டன் காமெட்ஸ்

அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான டபிள்யூ.என்.பி.ஏ. 1997-ல் தொடங்கியது. அதன் முதல் நான்கு கோப்பைகளையும் ஹூஸ்டன் காமெட்ஸ் ஒரே அணியாக அள்ளிக்கொண்டது. அந்த அணியைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: நான்கு சீசன்களில் எது மிகச் சிறந்தது? 1998-ல் 30 ஆட்டங்களில் 27 வெற்றி, 3 தோல்வி. இதற்கு மேல் என்ன வேண்டும்?

27–3 என்றால் 90 சதவீதம். அந்த லீகில் அந்த விகிதத்தை இன்னும் எந்த அணியும் தாண்டவில்லை. இருந்தாலும் எங்கள் ஓட்டு 1999-க்குத்தான்.

எதிரணிகளைப் பார்த்தால் காரணம் புரியும். டபிள்யூ.என்.பி.ஏ.வுக்குப் போட்டியாக அமெரிக்கன் பாஸ்கெட்பால் லீக் என்று இன்னொன்று 1996-லேயே தொடங்கி நடந்துகொண்டிருந்தது. அங்கே சம்பளம் அதிகம். அதனால் நல்ல ஆட்டக்காரர்கள் பலர் அங்கேயே இருந்துவிட்டார்கள். 1998 டிசம்பரில் பணம் தீர்ந்து, சீசன் நடுவிலேயே அந்த லீக் மூடப்பட்டது. அங்கிருந்தவர்கள் 1999 டிராஃப்ட் (அணிகள் முறைவைத்து ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு) வழியாக மொத்தமாக இந்தப் பக்கம் வந்தார்கள். அவர்களில் ஒருவரான யோலாண்டா கிரிஃபித் சாக்ரமென்டோ மோனார்க்ஸில் சேர்ந்த முதல் ஆண்டே லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். 1998-ல் காமெட்ஸ் மோதியது திறமை இரண்டாகப் பிரிந்திருந்த ஒரு களத்தில். 1999-ல் அந்தப் பிரிவு இல்லை. அந்தக் களத்தில் 26–6 எடுப்பது 27–3-ஐவிடக் கனமானது.

இன்னொரு காரணமும் உண்டு. அணியின் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவரான, கிம் பெரோவுக்குப் புற்றுநோய் என்று 1999 பிப்ரவரியில் தெரிந்தது. பிளே-ஆஃப் எனும் இறுதிக்கட்டச் சுற்றுகள் தொடங்கவிருந்த நேரத்தில், ஆகஸ்ட் 19 அன்று, 32 வயதில் அவர் இறந்தார். 5 அடி 5 அங்குல உயரம்தான். டிராஃப்டில் யாரும் எடுக்காமல், தேர்வு முகாமில் ஓடியே இடம் பிடித்தவர். பந்தை எதிரணியின் பாதியிலேயே மறித்து நெருக்கும் வேலை அவருடையது. ஒரு அணி தன் பாயிண்ட் கார்டை இழந்தால் பந்து மேலே வரும் விதமே மாறிவிடும். சோனியா ஹென்னிங் அந்த இடத்துக்கு வந்தார். அவரும் மூடப்பட்ட லீகிலிருந்து வந்தவர்தான். பெரோ அணிந்த 10-ம் எண் சட்டையை அணி அதன் பிறகு யாருக்கும் தரவில்லை. மூன்றாவது கோப்பையை அந்த எண்ணுக்காக வாங்குவோம் என்று சொல்லி ஆடினார்கள், வாங்கவும் செய்தார்கள்.

கேள்வி: 1997-ல் 18–10 மட்டுமே எடுத்த அணி எப்படிக் கோப்பை வென்றது? அதிர்ஷ்டமா?

அதிர்ஷ்டத்துக்கும் பங்கு இருந்தது. அந்த ஆண்டு லீகில் எட்டே அணிகள், அணிக்கு 28 ஆட்டங்கள். நான்கு அணிகள் பிளே-ஆஃபுக்குப் போயின. அரையிறுதியும் இறுதியும் தலா ஒரே ஆட்டம். காமெட்ஸ் ஷார்லட் ஸ்டிங்கை 70–54 என்றும், ஆகஸ்ட் 30 அன்று ஹூஸ்டனிலேயே நடந்த இறுதியில் நியூயார்க் லிபர்ட்டியை 65–51 என்றும் வென்றது.

தோராயமாக ஒரு கணக்குப் போடலாம். 28-க்கு 18 என்றால் ஓர் ஆட்டத்தை வெல்லும் வாய்ப்பு 64 சதவீதம். ஒற்றை ஆட்டம் இரண்டையும் வெல்ல 0.64 × 0.64, அதாவது ஏறத்தாழ 41 சதவீதம். அதே அணி மூன்றில் இரண்டு என்ற முறையில் ஆடியிருந்தால் ஒரு சுற்றை வெல்லும் வாய்ப்பு 71 சதவீதமாகவும், இரண்டு சுற்றையும் சேர்த்து 50 சதவீதமாகவும் உயர்ந்திருக்கும். ஒற்றை ஆட்ட முறை வலுவான அணிக்குத்தான் ஆபத்து. 1998-லிருந்து மூன்று ஆட்டத் தொடராக மாற்றியது நல்ல முடிவு.

18–10 என்ற எண் அந்த அணியைக் குறைத்துக் காட்டுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அணியின் நட்சத்திரங்களில் ஒருவரான ஷெரில் ஸ்வூப்ஸ் ஜூன் 25 அன்று குழந்தை பெற்றார். ஆறு வாரத்தில், ஆகஸ்ட் 7 அன்று களமிறங்கினார். வழக்கமான சீசனில் அவர் ஆடியது 9 ஆட்டங்கள் மட்டுமே. பெரும்பகுதி சுமையைத் தாங்கியவர் சிந்தியா கூப்பர். அப்போது அவருக்கு 34 வயது. ஆட்டத்துக்கு 22.2 புள்ளி சராசரி, ஜூலை 25 அன்று சாக்ரமென்டோவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 44. பத்தாண்டுக்கும் மேல் ஐரோப்பாவில் ஆடியிருந்த அவரைச் சொந்த நாட்டு ரசிகர்கள் முழுசாகப் பார்த்ததே அந்த ஆண்டுதான். அந்த வயதிலாவது ஒரு லீக் வந்ததே என்று நினைக்கும்போதெல்லாம் மகிழ்ச்சியும், அதற்கு முந்தைய ஆண்டுகளை எண்ணி வருத்தமும் சேர்ந்தே வருகிறது.

கேள்வி: கூப்பர், ஸ்வூப்ஸ், டீனா தாம்ப்சன் என்று மூன்று பெரிய ஆட்டக்காரர்கள் ஒரே அணிக்கு எப்படிப் போனார்கள்?

மூன்று பேரும் வந்தது இரண்டு வழிகளில். 1997 ஜனவரியில் லீகே ஒவ்வோர் அணிக்கும் இரண்டு பேரை ஒதுக்கியது. ஹூஸ்டனுக்குக் கூப்பரும் ஸ்வூப்ஸும் வந்தார்கள். ஏப்ரலில் நடந்த முதல் டிராஃப்டில் முதல் பெயரே ஹூஸ்டனுடையது: டீனா தாம்ப்சன். இடையில் பிப்ரவரியில், ஏற்கெனவே தொழில்முறையாக ஆடியவர்களுக்கென்று நடந்த தனித் தேர்வில் பிரேசிலின் ஜனெத் அர்கெய்ன் கிடைத்தார். பயிற்சியாளர் வான் சான்சலர் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் 19 ஆண்டு பெண்கள் அணியை நடத்தியவர்.

கேள்வி: பள்ளிப் பெண்கள் அணிக்குப் பயிற்சி தருகிறேன். காமெட்ஸ் ஆட்டத்திலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றால் எதை?

கூப்பர் பந்தோடு வர, தாம்ப்சன் ஸ்க்ரீன் போடும் ஆட்டம். ஸ்க்ரீன் என்றால், பந்துக்காரரைத் தடுப்பவரின் வழியை மறித்து நிற்பது. பிக் அண்ட் ரோல் என்ற இந்த ஆட்டம் எங்கும் இருப்பதுதான். ஆனால் தாம்ப்சன் 6 அடி 2 அங்குல உயரமும், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் கையும் உள்ளவர். அதனால் ஸ்க்ரீன் போட்டபின் கூடையை நோக்கி உருளவும் முடியும், வெளியே விலகி நின்று பந்தை வாங்கவும் முடியும். தடுப்பவர் இரண்டில் ஒன்றைத்தான் மூடமுடியும்.

சொல்லித்தரும்போது இந்த வரிசையில் போங்கள். ஸ்க்ரீன் போடுபவர் கால்களைத் தோள் அகலத்துக்கு ஊன்றி, கைகளை மார்போடு சேர்த்து, தடுப்பவரின் இடுப்புக்குப் பக்கத்தில் அசையாமல் நிற்கவேண்டும். அவர் நின்றபின்தான் பந்துக்காரர் கிளம்பவேண்டும். பள்ளி அணிகளில் பத்துக்கு எட்டு தடவை கெடுவது இங்கேதான்: பந்துக்காரர் அரை நொடி முந்திக்கொள்கிறார், ஸ்க்ரீன் போடுபவர் நகர்ந்துகொண்டே மோதுகிறார், ஃபவுல் விழுகிறது. ‘நின்றுவிட்டேன்’ என்பதற்கு அடையாளமாக ஸ்க்ரீன் போடுபவர் ஒரு சொல் கூப்பிடட்டும். அந்தச் சொல் காதில் விழாமல் பந்து தட்டக்கூடாது என்று ஒரு வாரம் கட்டாயமாக்குங்கள்.

அடுத்து, பந்துக்காரரின் தோள் ஸ்க்ரீன் போடுபவரின் தோளை உரசிப் போகவேண்டும். நடுவில் ஓர் ஆள் நுழையும் இடைவெளி இருந்தால் தடுப்பவர் அதிலேயே புகுந்து வந்துவிடுவார்.

பிறகு தடுப்பவர்களைப் படிக்கவேண்டும். தடுப்பவர் ஸ்க்ரீனுக்குப் பின்னால் சுற்றிப் போனால், பந்துக்காரர் அங்கேயே நின்று எறியலாம். இரண்டு பேரும் பந்துக்காரர்மேல் பாய்ந்தால், ஸ்க்ரீன் போட்டவர் உடனே விலகிப் பந்தைக் கேட்கவேண்டும். இருவரும் ஆளை மாற்றிக்கொண்டால், உயரமானவரைக் குள்ளமானவர் காக்கிறார் என்று பொருள். பந்தை உள்ளே கொடுங்கள். மீதி மூன்று பேரும் மூலைகளிலும் எதிர்ப்பக்கமும் அகலமாக நிற்காவிட்டால் இத்தனையும் வீண்.

இன்னொன்று ஃப்ரீ த்ரோ, அதாவது ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையில்லாத எறிதல். கூப்பர் உள்ளே புகுந்து ஃபவுல் வாங்குவதில் கெட்டிக்காரர். டபிள்யூ.என்.பி.ஏ. காலம் முழுவதும் அவர் எறிந்ததில் 100-க்கு 87 உள்ளே போனது. பயிற்சியின் முடிவில், மூச்சிரைக்கும்போது, இரண்டிரண்டாக எறிய வையுங்கள். ஓய்வெடுத்த கையோடு வரிசையாக ஐம்பது எறிவது ஆட்டத்தில் உதவாது. அங்கே ஒருபோதும் இரண்டு மூன்றுக்குமேல் தொடர்ந்து எறிய நேராது.

கேள்வி: பாதி மைதானத்திலிருந்து எறிந்து ஜெயித்த அந்தப் பந்து எந்த ஆண்டு? காமெட்ஸ்தானே தோற்றது?

1999 இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டம், செப்டம்பர் 4. காமெட்ஸ் ஒரு கட்டத்தில் 18 புள்ளி முன்னிலையில் இருந்தது. அதை நியூயார்க் கரைத்துக்கொண்டே வந்தது. 2.4 நொடி மிச்சமிருக்கும்போது தாம்ப்சன் கூடை போட்டு 67–65 ஆக்கினார். பந்தை வாங்கிய நியூயார்க்கின் தெரசா வெதர்ஸ்பூன் பாதி மைதானத் தொலைவிலிருந்து எறிந்தார். பலகையில் பட்டு உள்ளே விழுந்தது: 68–67. மறுநாளே மூன்றாவது ஆட்டம். 59–47 என்று காமெட்ஸ் வென்றது.

ஹூஸ்டன் ரசிகர்கள் முன்னால் இது நடந்ததற்கு அன்றைய விதி காரணம். மேலிடம் பிடித்த அணி முதல் ஆட்டத்தை எதிரணி ஊரில் ஆடும், அடுத்த இரண்டையும் தன் ஊரில் ஆடும். 1998 இறுதித் தொடரில் பீனிக்ஸ் மெர்க்குரியிடம் முதல் ஆட்டத்தை 51–54 என்று இழந்தும் காமெட்ஸ் தப்பித்தது இந்த ஏற்பாட்டால்தான். இரண்டாவது கூடுதல் நேரத்தில் 74–69, மூன்றாவது 80–71. அந்த 1998 தொடர் நான்கிலும் மிக நெருக்கமானது. கேட்பவர்கள் 1999-ஐயே சொல்கிறார்கள், ஆனால் கோப்பை கையைவிட்டுப் போகவிருந்தது அதற்கு முந்தைய ஆண்டுதான்.

கேள்வி: 2000-ல் லீகின் முதலிடம் காமெட்ஸுக்கு இல்லை என்கிறார்களே?

உண்மைதான். லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பார்க்ஸ் 28–4, காமெட்ஸ் 27–5. ஆனால் பிளே-ஆஃபில் காமெட்ஸ் ஆறு ஆட்டங்களையும் வென்றது. சாக்ரமென்டோ, லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் மூன்றும் 2–0. அந்த ஆண்டு ஸ்வூப்ஸ் லீகின் சிறந்த ஆட்டக்காரர், சிறந்த தடுப்பாட்டக்காரர் இரண்டு விருதும் பெற்றார். இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் மட்டும் நான்கு ஆண்டும் கூப்பர்தான்.

கேள்வி: அன்றைய ஸ்கோரை இன்றைய ஸ்கோரோடு ஒப்பிடலாமா? 65–51 என்பது ரொம்பக் குறைவாகத் தெரிகிறதே?

நேராக ஒப்பிடாதீர்கள். அன்று 20 நிமிடப் பாதி இரண்டு, எறிய 30 நொடி அவகாசம். 2006-லிருந்து 10 நிமிடக் கால்பகுதி நான்கு, 24 நொடி. மொத்தம் 40 நிமிடம் என்பது மாறவில்லை, ஆனால் அந்த நேரத்தில் பந்து கைமாறும் எண்ணிக்கை கூடிவிட்டது. மூன்று புள்ளிக் கோடும் அன்று 19 அடி 9 அங்குலத்தில் இருந்தது, 2004-ல்தான் பின்னால் தள்ளினார்கள். பந்தின் சுற்றளவு 28.5 அங்குலம், அது அப்படியே இருக்கிறது.

சரியான வழி, ஓர் அணிக்குப் பந்து எத்தனை முறை வாய்த்தது என்று கணக்கிடுவது. பழைய ஸ்கோர் அட்டையிலிருந்தே போடலாம். எறிந்த முயற்சிகளோடு ஃப்ரீ த்ரோ முயற்சியில் 0.44 பங்கைக் கூட்டுங்கள், தாக்குதல் ரீபவுண்டை (தன் அணி எறிந்து தவறிய பந்தைத் தானே மீட்பது) கழியுங்கள், டர்ன்ஓவரை (எறியாமலே பந்தை எதிரணியிடம் இழப்பது) கூட்டுங்கள். எடுத்துக்காட்டுக்கு 58 முயற்சி, 20 ஃப்ரீ த்ரோ, 10 தாக்குதல் ரீபவுண்ட், 15 டர்ன்ஓவர் என்றால் 58 + 8.8 − 10 + 15 = 71.8. அந்த அணி 75 புள்ளி எடுத்திருந்தால், நூறு வாய்ப்புக்குச் சுமார் 104 புள்ளி. இந்த எண்ணைத்தான் வேறு ஆண்டோடு ஒப்பிடவேண்டும். மொத்த ரீபவுண்டைத் தவறுதலாகக் கழித்துவிடுவது பலரும் செய்யும் பிழை. அப்போது வாய்ப்பு எண்ணிக்கை 50-க்குக் கீழே இறங்கும். அந்த மாதிரி எண் வந்தால் மறுபடி போடுங்கள். கூடுதல் நேர ஆட்டங்களைத் தனியே குறியுங்கள், ஒவ்வொரு கூடுதல் நேரமும் 5 நிமிடம்.

கேள்வி: ஹூஸ்டனின் முதல் பெண்கள் தொழில்முறை அணி காமெட்ஸ்தானா?

இல்லை. 1978-ல் தொடங்கிய வுமன்ஸ் புரொஃபெஷனல் பாஸ்கெட்பால் லீகில் ஹூஸ்டன் ஏஞ்சல்ஸ் ஆடியது. 1979-ல் அந்த லீகின் முதல் கோப்பையும் அவர்களுக்குத்தான். மூன்று சீசனில், 1981-ல், அந்த லீக் நின்றது.

கேள்வி: இவ்வளவு வென்ற அணி ஏன் இன்று இல்லை?

கூப்பர் 2000-க்குப் பின் ஓய்வு பெற்றார். ஸ்வூப்ஸ் முழங்கால் காயத்தால் 2001 முழுவதும் ஆடவில்லை. அந்த ஆண்டு அர்கெய்ன் அணியைத் தோளில் சுமந்து 19–13 வரை கொண்டுபோனார், முதல் சுற்றில் லாஸ் ஏஞ்சலஸ் வெளியேற்றியது. 2004-ல் 13–21, முதல் முறையாகப் பிளே-ஆஃப் இல்லை.

ஆட்டம் சரிந்ததைவிட உரிமை மாறியதுதான் அணியை முடித்தது. தொடக்கத்தில் அதே ஊர் ஆண்கள் அணியான ராக்கெட்ஸின் உரிமையாளரே காமெட்ஸையும் நடத்தினார். அரங்கம், அலுவலகம், டிக்கெட் விற்பனை எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தன. 2007 தொடக்கத்தில் அணி தனியொருவருக்கு விற்கப்பட்டது. சான்சலரும் அப்போதே விலகினார். 2008-ல் பெரிய அரங்கை விட்டுச் சிறிய அரங்குக்கு மாறினார்கள். அந்த ஆண்டே மறுபடி விற்பனைக்கு வைத்தபோது வாங்க ஆள் இல்லை. டிசம்பரில் லீக் அணியை மூடி, ஆட்டக்காரர்களை மற்ற அணிகளுக்குப் பங்கிட்டது. முதல் நான்கு சீசனில் மட்டும் வழக்கமான ஆட்டங்களில் 98 வெற்றி, 24 தோல்வி என்ற கணக்கு அந்த அணியின் பெயரில் அப்படியே இருக்கிறது.