நுரையீரலுக்கு எந்த உணவு நல்லது?
சிகரெட்டை விட்டு ஆறு மாதம் ஆகிறது, நுரையீரலைச் சுத்தம் செய்ய என்ன சாப்பிடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சுத்தம் செய்யும் உணவு என்று எதுவும் கிடையாது. அது மூச்சுக்குழாயில் இருக்கும் நுண்ணிய மயிரிழைகளின் வேலை, புகை நின்றதும் அவை மெல்ல மீளும். உணவு துணைக்குத்தான். கொய்யா, நெல்லிக்காய், தக்காளி, முருங்கைக்கீரை, மத்தி மீன் என்று வழக்கம்போலச் சாப்பிடுங்கள். தூதுவளை ரசம் தொண்டைக்கு இதம், எனக்கும் பிடிக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

அப்புறம், கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின் நல்லதுதானே என்று அதை மாத்திரையாக வாங்கி விழுங்கிவிடாதீர்கள்: பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடத்தி 1994இல் முடிவு வெளியான ஆய்வில், தினமும் 20 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது. கேரட் பொரியலுக்கு அந்தப் பயம் இல்லை.