பெயர்ச்சீட்டு இல்லாத ஆர்க்கிட்டுகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஏற்காட்டுக்குச் சென்று வந்த என் மகள் மூன்று சிறிய ஆர்க்கிட் செடிகளை வாங்கி வந்திருக்கிறாள். எதிலும் பூவும் இல்லை, பெயர்ச்சீட்டும் இல்லை. ஒன்றில் தண்டே தெரியாமல் அகலமான, தடித்த இலைகள் நான்கு உள்ளன. இன்னொன்றில் விரல் நீளத்தில் கணுக்கணுவான தண்டுகள் அடியிலிருந்து வரிசையாக எழுகின்றன. மூன்றாவது மரச்சட்டக் கூடையில் வேர்கள் வெளியே தொங்க நிற்கிறது. இவை என்ன செடிகள்? எங்கள் மல்லிகை நாற்றுப் பாத்தியின் ஓரத்தில் நட்டுவிடலாமா? கிணற்று நீர் சற்று உப்புக் கரிக்கும்.
– ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: அம்மா, பூ இல்லாமல் இனத்தின் முழுப் பெயரைச் சொல்வது கடினம் என்றாலும், வளரும் விதத்தைக் கொண்டு பேரினத்தைச் சொல்லிவிடலாம், பராமரிப்புக்கு அதுவே போதும். தண்டு தெரியாமல் அகன்ற இலைகளோடு இருப்பது ஃபலனாப்சிஸ். கணுக்கணுவான தண்டுகள் உள்ளது டென்ட்ரோபியம். அதில் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: இலைகள் தோல்போல் தடித்து ஆண்டு முழுவதும் நிலைத்திருந்தால் அது வெப்பத்தைத் தாங்கும் வகை, இலைகள் மெல்லியவையாக இருந்து குளிர்காலத்தில் உதிர்ந்துவிட்டால் அது குளிர்ந்த, வறண்ட பனிக்காலத்தை எதிர்பார்க்கும் மலை வகை, நம் இராமநாதபுரக் கடற்கரையில் அது தழைத்தாலும் பூப்பது அரிது. கூடையில் உள்ளது வாண்டாவாகவோ அதன் கலப்பினமான மொக்காராவாகவோ இருக்கும். இலைகள் இருபுறமும் மாறி மாறி அடுக்கப்பட்டு, நடுவில் ஓடைபோல் மடிந்திருந்தால் சந்தேகம் வேண்டாம்.

நாற்றுப் பாத்தியில் நடவே கூடாது. மல்லிகைப் பதியனை வேர்பிடிக்கச் செய்யும் அதே ஈரமணல் இந்த மூன்றின் வேரையும் மூச்சடைத்து அழுகச் செய்துவிடும். இவை மரக்கிளைகளின் மேல் காற்றில் வேர்விட்டு வாழும் வகையைச் சேர்ந்தவை.

நம் பகுதியில் ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் வெயிலைக் கண்டு அஞ்சுகிறார்கள். வெயிலை நிழல்வலையாலோ ஓலைத் தட்டியாலோ தணித்துவிட முடியும். உண்மையில் செடியைக் கொல்வது உப்பு. அது நீரிலும் வருகிறது, காற்றிலும் வருகிறது. வாண்டாவின் வேர் ஒன்றைக் கையில் ஏந்திப் பாருங்கள். காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறத்தில் இருக்கும் அதன் மேலுறை, நீர் பட்டதும் சில நிமிடங்களில் பச்சையாக மாறும். நுனியில் மட்டும் அந்த வெள்ளுறை இன்னும் மூடாத, பளபளப்பான பச்சை அல்லது செந்நிறப் பகுதி சிறிதளவு இருக்கும். வேர் வளரும் இடம் அதுதான். உப்பு நீர் ஊற்றிவந்தால் முதலில் அந்த நுனி பழுப்பேறிச் சுருங்கும். பிறகு இலைநுனிகள் கருகும். தொட்டியின் விளிம்பிலும் கரித்துண்டுகளின் மேலும் வெண்மையான படிவு தோன்றும். இலை கருகியதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று எண்ணி, அதே கிணற்று நீரை இன்னும் அதிகமாக ஊற்றுவதால்தான் பல செடிகள் மடிகின்றன.

ஆகையால் உப்புக் கரிக்கும் நீரை மூன்றில் எதற்கும் ஊற்றாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரைநீரைத் தொட்டியில் பிடித்து மூடி வைத்துக்கொண்டால் சில செடிகளுக்குப் பல மாதம் வரும். அது தீர்ந்தால் ஆர்.ஓ. தண்ணீரைப் பயன்படுத்தலாம். குழாய் நீரானால் டி.டி.எஸ். அளவை, அதாவது நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவை, ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருந்தால் கவலையில்லை. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் இலைகளின் மேல் படியும் உப்பை நல்ல நீர் தெளித்துக் காலையில் கழுவிவிடுங்கள். மாலையில் தெளித்தால் ஃபலனாப்சிஸின் நடுக்குருத்தில் நீர் தங்கிக் குருத்தழுகல் வரும். கடலைப் பாராத சுவரின் ஓரம், அதுவும் கிழக்கு வெயில் மட்டும் விழும் இடம் கிடைத்தால் மிக நல்லது. வாண்டாவுக்கும் டென்ட்ரோபியத்துக்கும் பாதி நிழல் போதும். ஃபலனாப்சிஸுக்கு முக்கால் பங்கு நிழல் வேண்டும்.

வளர்ப்பூடகத்துக்கு நீங்கள் வெளியூருக்குச் சொல்லியனுப்ப வேண்டியதில்லை. நம் மாவட்டத்தில் மூட்டம் போட்டு எடுக்கும் சீமைக் கருவேலங்கரி இதற்கு அருமையான பொருள். கொட்டைப்பாக்கு அளவுக்கு உடைத்து, தூசி போகக் கழுவிப் பயன்படுத்துங்கள். கரி நாளடைவில் உப்பைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. தேங்காய் மட்டைத் துண்டுகளையும் கலக்கலாம். ஆனால் அவற்றை நல்ல நீரில் ஒரு வாரம் ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றிக் கறை நீங்கிய பிறகே சேர்க்க வேண்டும். உப்பங்கழியில் ஊறிய மட்டையை அறவே தவிர்த்துவிடுங்கள். கரையொதுங்கிய மரத்துண்டில் செடியைக் கட்டினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குள் ஏறிய உப்பு எளிதில் வெளியேறாது.

வந்த செடிகளை உடனே தொட்டி மாற்றாதீர்கள். மூன்று, நான்கு வாரங்கள் மற்ற செடிகளிலிருந்து விலக்கி வைத்து, இலையின் அடிப்புறத்திலும் இலைக்கக்கங்களிலும் செதிள் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். ஃபலனாப்சிஸ் மட்டும் இதற்கு விலக்கு. அதன் வேர்களை ஈரப்பாசியில் இறுகப் பொதிந்து விற்பதுண்டு. குளிர்ப் பகுதிக்கு ஏற்ற அந்தப் பாசி நம் கரையின் ஈரக்காற்றில் உலராமல் வேரை அழுகச் செய்யும். இப்போது பூவும் இல்லாததால், பாசியை மெல்ல நீக்கி, கருத்து மென்மையான வேர்களைத் தீயில் காட்டிய கத்தரியால் வெட்டிவிட்டுக் கரியில் வையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வேர்களில் மரப்பட்டைத் துணுக்குகள் ஒட்டியிருந்து, இலைகள் பழைய வடுக்களோடு கிழிந்திருந்தால், அது காட்டிலிருந்து பறித்த செடியாக இருக்கலாம். நீல வாண்டா, செவ்வாண்டா, பாதுகைப்பூ ஆர்க்கிட் ஆகியவை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. பண்ணையில் வளர்த்த செடியைக் கேட்டு வாங்கும்படி மகளிடம் சொல்லுங்கள். பெயர்ச்சீட்டையும் அங்கேயே கேட்டு வாங்கிவிடலாம்.

கேள்வி: பூவோடு வாங்கிய ஃபலனாப்சிஸ் இரண்டு ஆண்டுகளாக நல்ல இலைகள் விடுகிறது, பூக்கவே இல்லை. என்ன உரம் போடலாம்?
– ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: ஐயா, குறை உரத்தில் இல்லை. இச்செடி பூந்தண்டு விடுவதற்குச் சில வாரங்கள் 25 டிகிரிக்கும் குறைந்த வெப்பநிலை வேண்டும். 28 டிகிரிக்கு மேல் தொடர்ந்தால் இலைதான் வரும். மார்கழி, தை மாதங்களில் இரவுக்குளிர் படும் திறந்த நிழலில் வைத்துப் பாருங்கள். வீட்டில் குளிர்சாதன அறை இருந்தால், சன்னல் வெளிச்சம் கிடைக்கும் இடத்தில் ஆறு வாரம் வைப்பதும் பலன் தரும். அறைக்காற்று வறண்டிருக்கும் என்பதால் அருகில் ஒரு தட்டு நிறைய நீர் வையுங்கள். உரமாக, தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 கலவையை லிட்டருக்கு அரை கிராம் வீதம் வாரம் ஒருமுறை தெளித்தால் போதும். ஆண்டுதோறும் பூ வேண்டுமென்று ஆசைப்பட்டால், என் பரிந்துரை டென்ட்ரோபியம் சோனியாதான். அது நம் வெப்பத்தில் தயங்காமல் பூக்கும்.

கேள்வி: புதிய டென்ட்ரோபியத்தின் கணுக்களில் வெள்ளைப் பஞ்சு போல் ஏதோ ஒட்டியிருக்கிறது.
– ஒரு வாசகி, தொண்டி

பதில்: மாவுப்பூச்சி, அம்மா. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒவ்வொரு கணுவாகத் துடைத்தெடுங்கள். பிறகு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பின் தெளியுங்கள். வாரம் ஒன்றாக மூன்று முறை செய்தால்தான் முட்டையிலிருந்து வரும் குஞ்சுகளும் ஒழியும்.

கேள்வி: தொட்டியில் நீர் வடிவதற்காகக் கடற்கரையில் கிடக்கும் பவளப்பாறைத் துண்டுகளை அடியில் போடலாமா?
– ஒரு வாசகர், மண்டபம்

பதில்: வேண்டாம், ஐயா. பவளம் சுண்ணாம்பால் ஆனது. ஆர்க்கிட் வேர் விரும்புவதோ சற்றே அமிலத்தன்மையை. அதோடு பவளத்தை எடுப்பதும் வைத்திருப்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். உடைந்த கூரை ஓட்டுச் சில்லுகளைக் கழுவிப் போடுங்கள்.